படலையடிப் பூவரசுக்காக

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மரத்தின் அருமையை நமக்கு உணர்த்துவது தேடிச்சென்று காணும் பேர்பெற்ற பெருமரமா, வீட்டு வேலி வாசலான படலையடியில் நிற்கும் சாதாரண மரமா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் நம்மையெல்லாம் மன்னார் பள்ளிமுனைக்கு அழைத்துச்சென்று, ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரத்தின் முன் நிறுத்தி, அதன் அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல் என்று வியந்தார். நான் அதை மறுக்க வரவில்லை. நானும் அதன் முன் வாய்பிளந்து நின்றவன்தான். ஆனால் ஒரே ஒரு தடவை நின்றேன், அந்த மரத்துக்கும் எனக்குமான உறவு அன்றைக்கே முடிந்துபோயிற்று.

எங்கள் அணியின் சாட்சி பூவரசு. அதன் பூ காலையில் மஞ்சளாக விரியும். உள்ளே அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். பொழுது சாயச் சாய அந்த மஞ்சளில் செம்மை ஏறும். காலையில் வந்துபோகும் விருந்தாளி அதை மஞ்சட்பூ என்பார், மாலையில் வருபவர் சிவப்புப்பூ என்பார், இருவரும் பொய் சொல்லவில்லை. எனினும் இரண்டும் ஒரே பூ என்று அறிந்தவர், விடியலில் முற்றம் கூட்டவும் அந்தியில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் அதே மரத்தடிக்குப் போய்வந்த எங்கள் அம்மம்மாதான். சுற்றுலாக் கண்ணுக்கு இந்த அறிவு வாய்க்குமா, நடுவர் அவர்களே?

பூவரசில் குறையே இல்லையென்று நான் வாதாட மாட்டேன். மாரி காலத்தில் அதில் மயிர்க்கொட்டி பிடிக்கும், கீழே நின்றவர் இரண்டு நாள் சொறிவார். எங்கள் வாத்தியார்மாருக்குப் பிரம்பு கிடைக்காதபோது கைகொடுத்ததும் இந்த மரத்தின் தடிதான். அந்த வகையில் இதன் அருமையை என் உள்ளங்கையே நன்கறியும். அதே மரத்தின் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

எதிரணியினர் வன்னி நிலத்தின் பெருமை முதிரையும் கருங்காலியும் என்றனர். பலகையின் விலையைச் சொன்னால் அது சரி. ஆனால் புளியங்குளம், மாங்குளம், வேப்பங்குளம், இலுப்பைக்கடவை என்று ஊருக்குப் பெயரிட்டவர்கள் எந்த மரங்களின் நிழலில் இருந்திருப்பார்கள்? வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போனால் பூவரசங்குளம் என்றே ஓர் ஊர் வருகிறது.

இனி என் முக்கியமான சாட்சியத்துக்கு வருகிறேன். பூவரசின் தடித்த கிளையை மழை தொடங்கும் காலத்தில் வெட்டி ஊன்றினால் வேர்விட்டுத் தளிர்க்கும். அதனாலேயே அதை வேலிக்குக் கதியாலாகப் போடுகிறோம். 2009இல் போர் முடிந்து, அடுத்த ஆண்டு நாங்கள் காணிக்குத் திரும்பியபோது, வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றைப் பற்றை மூடியிருந்தது, படலையும் கம்பியும் போன இடம் தெரியவில்லை. எங்கள் காணி எங்கே முடிகிறது, அயலவரின் காணி எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு வரவிருந்த வேளையில், பற்றைக்கு மேலாக ஒரே நேர்கோட்டில் உயர்ந்து நின்ற பூவரசுகளை அம்மம்மா கைநீட்டிக் காட்டினார். காடு தன் மரங்களை வரிசையில் வளர்ப்பதில்லை. வரிசையாக நின்றால் அது யாரோ ஊன்றிய கதியாலாகத்தான் இருக்கவேண்டும். அயலவரும் அதை ஏற்றுக்கொண்டார். இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்துபோன எங்களுக்கு, வெட்ட வெட்டத் தழைத்த அந்தக் கதியால்களே உறுதியாக நின்றன. பள்ளிமுனைப் பெருக்கமரம் எவ்வளவு பெரியதானாலும் எங்கள் வேலிப் பிணக்கைத் தீர்க்க வந்திருக்காது.

இப்போது அந்த எல்லையில் மதில் எழுந்துவிட்டது. மதில் கட்ட ஐந்து மரங்களைத் தறித்தோம். தறித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைத்துவிட்டு இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை. படலையடி மரம் ஒன்றை மட்டும் அம்மம்மா தொடவிடவில்லை.

நடுவர் அவர்களே, இம்மண்டபத்து வாசலிலும் ஒரு பூவரசு நிற்கிறது. காலையில் நாம் உள்ளே வரும்போது அதன் பூக்கள் மஞ்சளாக இருந்தன. இப்போது நேரம் மாலை நான்கரை. தீர்ப்பு வழங்குவதற்கு முன் ஒரு தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.