கிட்னி லேப்ராஸ்கோபி: சர்க்கரை, இதய நோய், மூச்சுப் பிரச்சனை இருந்தால் உடம்பு தாங்குமா?

எல்லோருக்கும் வணக்கம். "அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. கிட்னியில் உள்ள கட்டியை லேப்ராஸ்கோபியில் எடுக்கலாம் என்கிறார்கள். உடம்பு தாங்குமா?" இந்த மாதிரிக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் தலைமாட்டில் நிற்கிற ஆள். அதனால் சர்ஜன் சொல்வதிலிருந்து என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

லேப்ராஸ்கோபி என்றால் வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன். துளை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது அதே கிட்னி, அதே பெரிய ரத்தக்குழாய்கள். மேசையில் படுத்திருக்கும் சில மணி நேரம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கஷ்டம் கூடுதல். அதற்குப் பிறகு வரும் நாட்கள் சுலபம். இந்தக் கணக்கு உங்கள் வீட்டு நோயாளிக்கு லாபமா நஷ்டமா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

கஷ்டம் எங்கிருந்து வருகிறது? கேமராவும் கருவிகளும் வேலை செய்ய உள்ளே இடம் வேண்டும். அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் மாதிரித் தூக்கி வைப்பார்கள். வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத் திரையான உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி விரிய இடம் இல்லாமல் போகும். வயிற்றில் உள்ள பெரிய சிரைகள் அமுங்கி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையலாம். அதே நேரம் இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய சுமை கூடும். நல்ல இதயம் சமாளித்துக்கொள்ளும், பம்பிங் குறைந்த இதயம் திணறும். வாயுவை ஏற்றத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்கள் நான் யாரோடும் பேச மாட்டேன், கண் மானிட்டரிலேயே இருக்கும். வயிற்றின் உள்சவ்வு இழுபடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு சட்டென்று இறங்கும். வாயுவை வெளியே விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கல், அந்த வாயு ரத்தத்திலும் கலக்கிறது. மூச்சு வழியாகத்தான் அது வெளியே போக வேண்டும். வென்டிலேட்டரைக் கூட்டி வைத்து அதை வெளியேற்றுவோம். பல வருடம் புகைபிடித்து சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்டு இருக்கும் நுரையீரல் நோய்) வந்தவர்களுக்கு இது லேசில் நடக்காது. அவர்களிடம் மூச்சுக்காற்றை வைத்து மானிட்டர் காட்டும் அளவு, ரத்தத்தில் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து நேராகவே பார்ப்போம். அளவு ஏறிக்கொண்டே போனால் வாயு அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வேன், தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்வேன்.

சரி, இவ்வளவு தொல்லை என்றால் திறந்தே செய்துவிடலாமே? அங்கேதான் கணக்கு திரும்புகிறது. திறந்த முறையில் பெரும்பாலும் விலாவை ஒட்டி நீளமாக வெட்டுவார்கள். அந்த வலியில் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இருமவும் முடியாது. சளி தேங்கி நிமோனியா வரலாம். கெட்டுப்போன நுரையீரல் உள்ளவருக்கு மேசையைவிட ஆபரேஷனுக்குப் பிறகு வரும் அந்த ஒரு வாரம்தான் ஆபத்து. லேப்ராஸ்கோபி செய்தவரை மறுநாளே எழுப்பி நடக்க வைக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் சீழ் பிடிக்கும் தொல்லையும் குறைவு. அதனால் "வேறு நோய் இருந்தால் லேப்ராஸ்கோபி கூடாது" என்று மொத்தமாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1990-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் டாக்டர் ரால்ஃப் கிளேமன் குழு முதன்முதலில் இந்த முறையில் கிட்னியை எடுத்ததே 85 வயதுப் பெண்மணிக்குத்தான்.

உடல் பருமன் உள்ளவர்கள் ஒருக்களித்துப் பல மணி நேரம் படுத்திருந்தால் கீழ்ப்பக்கத் தசை நசுங்கி, அதன் கழிவு மிச்சமிருக்கும் கிட்னியைத் தாக்கலாம். மெத்தை வைப்பதும் நேரத்தைக் குறைப்பதும் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏற்கெனவே கூடியவர்களுக்கு, முடிந்தால் கட்டியை மட்டும் எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

அப்புறம், மாத்திரைகள். இதில்தான் வீட்டில் இருப்பவர்கள் நிறைய உதவ முடியும். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் மோசம். இப்போதெல்லாம் இதயத்துக்கும் கிட்னிக்கும்கூட இவற்றைத் தருகிறார்கள், அதனால் சர்க்கரை இல்லாதவர்களும் மாத்திரைப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். ஸ்டென்ட் உள்ளவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் புதிது என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

நான் நோயாளியிடம் கேட்கும் முதல் கேள்வி எந்த ஸ்கேனைப் பற்றியதும் இல்லை. "இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீர்களா?" ஏறுவேன் என்றால் எனக்குப் பாதி நிம்மதி. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்றால், கட்டியும் 4 சென்டிமீட்டருக்குள் என்றால், ஆபரேஷன் இல்லாத வழிகளையும் பேச வேண்டும். ஸ்கேனில் வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டே காத்திருப்பது ஒன்று. ஊசி வழியாகக் குளிரூட்டியோ சூடேற்றியோ கட்டியை அழிப்பது இன்னொன்று.

ஆபரேஷன்தான் என்று முடிவானால் கையெழுத்துப் போடும் முன் சர்ஜனிடம் கேளுங்கள்: "எந்த நிலைமை வந்தால் திறந்த முறைக்கு மாறுவீர்கள்?" தெளிவாகப் பதில் சொல்கிறவரோடு வேலை செய்ய எனக்கும் தைரியமாக இருக்கும். மாறவே மாட்டோம் என்று யாராவது சொன்னால், வேறொரு சர்ஜனையும் பார்த்துவிட்டு வாருங்கள்.