கஞ்சி, சாயம், அல்சைமர்: மூளை ஸ்கேனில் தெரியும் அந்தச் சிவப்பு என்ன?

(திரையில்: எம்.சி. ரோடு, மாலை நேரம். சேலைக் குவியல்.)

வணக்கம். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் சேலை எடுக்க வருகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முந்தானை ஓரத்தைக் கொஞ்சம் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பார்கள். சாயம் போகிறதா என்று. நினைவை மெல்ல அழிக்கும் அல்சைமர் நோயை உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் கண்டுபிடிக்கும் ஸ்கேனும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. முழுசாகப் பாருங்கள், நான் மிகைப்படுத்தவில்லை.

இந்த வீடியோ எங்கள் வீட்டுக் கூடத்தில் பிறந்தது. என் தங்கை மூளை ஸ்கேன் ஆராய்ச்சி செய்கிறாள். ஒரு மாநாட்டில் போஸ்டர் வைக்க வேண்டும், அதற்கு வீட்டிலேயே ஒத்திகை. கேட்பவர்கள் நானும் அம்மாவும். அம்மாவுக்கு எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலை, இருபது வருடமாக. தங்கை இரண்டு மூளைப் படங்களைக் காட்டினாள். ஒன்று நீலமும் பச்சையும். இன்னொன்று செக்கச் செவேல்.

அம்மா கேட்டார்: "இன்னாம்மா இது, செவப்பா இருக்குது, ரத்தமா?"

தங்கை அப்படியே நின்றுவிட்டாள். என்னைக் கேட்டால், அந்த ஆராய்ச்சியைப் பற்றி யாரும் கேட்கக்கூடிய முதல் கேள்வியே அதுதான்.

வரலாறு வேகமாக. 1906 நவம்பர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஒரு மருத்துவ மாநாடு. அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர், தன் நோயாளியான அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணின் மூளையில் கண்டதைப் பேசினார். இறந்த பிறகு எடுத்த மூளை; வெள்ளி உப்பால் நிறம் ஏற்றிப் பார்த்தது. பேசி முடித்ததும் சபையில் ஒரு கேள்வி கூட வரவில்லை! 1910இல் எமில் கிரெப்பெலின் என்ற மனநல மருத்துவர் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். சரி, நகர்வோம்.

(திரையில்: வடித்த கஞ்சி, ஒரு சொட்டு அயோடின், நீலக் கறுப்பு.)

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அல்சைமர் மூளையில் நரம்பு செல்களுக்கு இடையே திட்டுத் திட்டாகப் படியும் புரதத்துக்கு அமைலாய்டு என்று பெயர். இதற்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெயருக்குப் பொருள் 'மாவுச்சத்து போன்றது'. அதாவது, கஞ்சி மாதிரி! 1854இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் இதுமாதிரிப் படிவில் அயோடின் விட்டுப் பார்த்தார். மாவுச்சத்து போலவே நிறம் மாறியது, அதனால் அப்படிப் பெயர் வைத்தார். அது புரதம் என்று சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கம்பெனி காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறிய, கஞ்சி போட்ட துணி கொடிகொடியாகக் காய்ந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கஞ்சியோடு கதை முடியவில்லை, அப்புறம் சாயம் வருகிறது. காங்கோ சிவப்பு என்று ஒரு சாயம். 1880களில் ஜெர்மனியில் பருத்தித் துணிக்காகவே செய்தது. படிகாரம் போன்ற பிடிப்புப் பொருள் எதுவும் இல்லாமல் நேராகப் பருத்தியில் ஒட்டும். ஒரே குறை, புளிப்புப் பட்டால் நீலமாகிவிடும். அந்தச் சாயம் அமைலாய்டிலும் பிடிக்கிறது என்று 1920களில் தெரிந்தது. இன்றும் ஆய்வகத்தில் அமைலாய்டைப் பார்க்க அதைத்தான் தடவுகிறார்கள்.

ஆனால் உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் சாயத்தை எப்படி அனுப்புவது? ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதும் போகாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் இருவரும் முதலில் காங்கோ சிவப்பின் உறவுக்காரச் சாயங்களோடு வருடக்கணக்கில் போராடினார்கள். சரிப்படவில்லை. பிறகு தயோஃப்ளேவின் என்ற மஞ்சள் சாயத்தை எடுத்து, அதிலிருந்த மின்னேற்றத்தை நீக்கினார்கள். தடுப்பைத் தாண்டியது! அதில் கதிரியக்கக் கார்பனைக் கோத்து, 2002இல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டில் படங்கள் திரைக்கு வந்தன. 2004இல் வெளியான கட்டுரையில் 16 நோயாளிகள், ஒப்பிட 9 பேர். நோயாளிகளின் மூளையின் முன்பகுதியில் சாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு தங்கியிருந்தது.

அந்தக் கார்பன் இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். தண்டையார்பேட்டையில் தயாரித்து ஆட்டோவில் சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் காலி. அதனால்தான் பிறகு, பாதியாக 110 நிமிடம் எடுக்கும் கதிரியக்க ஃப்ளோரின் வந்தது.

இதையெல்லாம் கேட்ட அம்மா, "ஒட்ட வேண்டிய இடத்துல ஒட்டணும், மிச்சம் அலசினா போயிடணும். அவ்ளோதானே?" என்றார். அவ்வளவேதான்! உடம்பே அலசுகிறது; படிவில் பிடித்தது மட்டும் தங்குகிறது. அந்த வெள்ளைக் கைக்குட்டையும் இதில் உண்டு: சிறுமூளை. அங்கே அமைலாய்டு மிகக் குறைவு என்பதால், மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டுத்தான் அளவு சொல்கிறார்கள்.

இப்போது அந்தச் சிவப்பு. அது ரத்தம் இல்லை, சாயத்தின் நிறமும் இல்லை. சாயத்தில் கோத்த கதிரியக்கப் பொருளால் மூளையிலிருந்து வரும் காமா கதிர்களைக் கருவி எண்ணுகிறது. கிடைப்பது வெறும் எண்கள். அதிக எண்ணுக்குச் சிவப்பு, குறைந்த எண்ணுக்கு நீலம் என்று நாம்தான் வைக்கிறோம். அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் அதே மூளை பச்சையாகத் தெரியும். அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்ற ஃப்ளோர்பெட்டாபிர் ஸ்கேனை மருத்துவர்கள் கறுப்பு வெள்ளையில்தான் படிக்க வேண்டும். எந்த நிறம் எந்த எண் என்று காட்டும் நிறப்பட்டை இல்லாமல் செவேலென்று ஒரு மூளையை மாநாட்டில் மாட்டுவது பார்க்கிறவரைப் பயமுறுத்துவது. அது தப்பு என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நினைவு நன்றாக இருக்கும் முதியவர்கள் பலருக்கும் இந்த ஸ்கேனில் அமைலாய்டு தெரிகிறது. படத்தை மட்டும் வைத்து யாருக்கும் நோய் என்று சொல்ல முடியாது. உங்கள் ஆயா கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா? ஸ்கேன் யோசனைக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12 குறைவு, தைராய்டு குறைபாடு இரண்டும் மறதியைக் கொண்டுவரும். இரண்டுக்கும் மருந்து உண்டு. உங்கள் வீட்டில் நடந்ததைக் கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

தங்கை அன்றிரவே போஸ்டரை மாற்றினாள். நிறப்பட்டையைப் பெரிதாக்கினாள், பக்கத்திலேயே அதே மூளையைக் கறுப்பு வெள்ளையில் வைத்தாள். அச்சடித்து வந்ததும் சுருட்டி எடுத்துப்போகக் குழாய் இல்லை. அம்மா கடையிலிருந்து, துணி சுற்றி வரும் அட்டைக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

(திரையில்: அட்டைக் குழலுக்குள் நுழையும் போஸ்டர். உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு நீல நூல்.)