மந்தர ஸ்தாயியில் ஒரு ராக் ஆல்பம்

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நான் பேசப்போகும் ஆல்பத்தை வீட்டுக்குப் போய்த் தேடுகிறவர்கள் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். போனில் பாதிப் பாட்டு வராது. அடியில் ஓடுகிற சத்தம் அவ்வளவும் போய்விடும், ஒரு ஆள் முணுமுணுப்பதும் டிரம் தட்டுவதும்தான் மிஞ்சும். அதனால்தான் பக்கத்துத் தெரு மைக் செட் கடையில் சொல்லி, கல்யாணத்துக்குப் போடுகிற பெரிய பேஸ் பெட்டி இரண்டை இங்கே இறக்கியிருக்கிறோம். பேச்சு முடிந்ததும் ஆல்பம் முழுவதையும் போடப்போகிறோம். மொத்தமே நாற்பது நிமிடத்துக்குள்தான் வரும்.

ஆல்பத்தின் பெயர் ‘க்யூர் ஃபார் பெயின்’. வலிக்கு மருந்து என்று வைத்துக்கொள்ளலாம். குழுவின் பெயர் மார்ஃபின். அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டியிருக்கிற கேம்பிரிட்ஜ் ஊர்க்காரர்கள், மூன்றே பேர். 1993 செப்டம்பரில் வெளிவந்தது. அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த ராக் குழுவான நிர்வாணாவின் ‘இன் யூட்டெரோ’ ஆல்பம் வந்ததும் அதே மாதம்தான். அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் ஆல்பம், அடுத்த மாதம் பேர்ல் ஜாம் குழுவினுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிட்டார், கிட்டாருக்கு மேல் கிட்டார், அதற்கும் மேல் தொண்டை கிழியக் கத்துகிற குரல். அந்த இசையும் எனக்குப் பிடிக்கும், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் இந்த மூன்று பேரும் என்ன வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பாருங்கள்.

மார்க் சாண்ட்மன், பாடுகிறவர். அவர் கையில் பேஸ் கிட்டார். சாதாரணமாக அதில் நான்கு கம்பி இருக்கும், இவர் இரண்டே கம்பி மாட்டியிருந்தார். அதையும் விரலால் அழுத்தி வாசிக்காமல், விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு கம்பி மேல் வழுக்கி வாசித்தார். இது நமக்கு அந்நியமான சங்கதியே இல்லை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற திருவிடைமருதூரில் சகாராம ராவ் என்று ஒருவர் இருந்தார், வீணை மாதிரி இருக்கிற கோட்டுவாத்தியத்தைத் தென்னாட்டில் மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர். கர்நாடக சங்கீத வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவரிடம் பாடம் கேட்டவர்தான். வீணையில் விரலை அழுத்த வரிசையாக மெட்டுகள் இருக்கும், கோட்டுவாத்தியத்தில் அவை கிடையாது, ஒரு கட்டையைக் கம்பி மேல் வழுக்கினால் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறதெல்லாம் கேட்கும். சாண்ட்மன் செய்தது அதையேதான் என்று சொல்லமாட்டேன், ராகம் வேறு, நோக்கம் வேறு. ஆனால் அந்த வழுக்கல் இருக்கிறதே, அதைக் கேட்டுப் பழகிய காது நம்முடையது.

அடுத்தவர் டானா காலி, பாரிடோன் சாக்ஸபோன். கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதம் வாசித்தாரே, அது ஆல்டோ சாக்ஸபோன். பாரிடோன் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே பேசும், ஆளின் இடுப்புக்குக் கீழ் வரை தொங்கும். மேடையில் சில சமயம் இரண்டு சாக்ஸபோனை ஒன்றாக வாயில் வைத்து ஊதுவார். மூன்றாவது டிரம். இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் ஜெரோம் டுப்ரே, சில பாட்டுகளில் பில்லி கான்வே. அவ்வளவுதான் கச்சேரி. கிட்டார் அறவே இல்லை என்று சிலர் சொல்வார்கள், அது முழுக்கச் சரியில்லை, ஓரிரு இடத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் கிட்டார் ஆட்சி செய்கிற இடம் ஒன்றுகூட இல்லை. சாண்ட்மன் தங்கள் இசைக்கு வைத்த பெயர் ‘லோ ராக்’. கீழே ஓடுகிற ராக்.

எனக்கு இது வந்து சேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒருவன் எம்பி3 சிடி எரித்துக் கொடுத்தான். பாட்டுக்குப் பெயரே இல்லை, ட்ராக் 01, ட்ராக் 02 என்றுதான் இருந்தது. யார் பாடுகிறார்கள், எந்த ஊர், எந்த வருஷம், ஒன்றும் தெரியாமல் இரண்டு வருஷம் கேட்டேன். அப்புறம் படிப்பு முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு குறுவை அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருந்தோம். ஐப்பசி மழை எப்போது இறங்கும் என்று தெரியாது, தார்ப்பாயைப் போட்டு மூடி, ராத்திரி முழுவதும் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு அந்த ராத்திரியை நான் விளக்க வேண்டியதில்லை. தூக்கம் வராது, விழித்திருக்கவும் தெம்பு இருக்காது, தவளைச் சத்தம் மட்டும். அப்போது ஹெட்போனில் இந்த ஆல்பம். வேறு எந்த ராக் ஆல்பத்தைப் போட்டிருந்தாலும் பத்து நிமிடத்தில் கழற்றி வைத்திருப்பேன், அந்த நேரத்துக்கு அது ஆகாது. இது அந்த இருட்டுக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஆள் படுத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் தன் கதையைச் சொல்கிற மாதிரி.

ஏன் அப்படி இருந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. விடை என் தாய்மாமாவிடமிருந்து வந்தது. மாமா நாகஸ்வரக்காரர், திருவாவடுதுறைப் பக்கம். ஒரு மத்தியான வேளையில் திண்ணையில் உட்கார்ந்து, நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார், நான் உள்ளே இதைப் போட்டிருந்தேன். நான்கு பாட்டு வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கூப்பிட்டார்.

“என்ன மாப்ளே இது, ரெண்டு ஒத்துக்காரன் சேர்ந்து கச்சேரி பண்றானுங்களா?”

நாகஸ்வரக் கச்சேரியில் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பவர்தான் ஒத்துக்காரர். பிடிக்கவில்லையோ என்று நினைத்து அணைக்கப் போனேன். “இருக்கட்டும், இருக்கட்டும். மேல யாருமே இல்ல பாரு. மேல காலியா விட்டுட்டாங்க. தவிலடிக்கிறவன் நல்லவன், அவனும் எடம் விடுறான்.”

மேலே காலியாக விட்டுவிட்டார்கள். நான் இரண்டு வருஷம் கேட்டும் பிடிபடாத விஷயத்தை நான்கு பாட்டில் சொல்லிவிட்டார். ராக் பாட்டில் கிட்டார் உட்காரும் இடம் மேல்பாதி, குரலைச் சுற்றியும் குரலுக்கு மேலேயும். இவர்கள் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. பேஸ் கீழே, சாக்ஸபோன் கீழே, சாண்ட்மனின் குரலும் தாழ்ந்த குரல்தான். மேலே போட்டிக்கு ஆள் இல்லாததால் அவர் கத்த வேண்டிய அவசியமே வரவில்லை. பேசுகிற மாதிரி பாடலாம், ஒரு சொல்லும் தவறாது. அந்தக் காலி இடத்தில்தான் கேட்கிறவர்கள் போய் உட்காருகிறோம். இந்த ஆல்பத்தை நேசிக்கிறவர்கள் அதை ஏதோ சொந்த விஷயம் மாதிரிப் பேசுவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். வாத்தியம் வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரு ஆல்பத்தை இருபது முப்பது வருஷம் வைத்திருக்க மாட்டார்கள்.

மாமா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். முன்காலத்தில் திமிரி நாயனம்தான், குட்டையானது, சுருதி மேலே நிற்கும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியும் சேர்ந்துதான் அதை நீட்டி, சுருதியைக் கீழே இறக்கி இன்றைய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார்கள். சுருதி இறங்கியதும் ராகத்தை நின்று நிதானமாகச் சொல்ல இடம் கிடைத்தது என்பார் மாமா. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு 2022இல் கிடைத்தபோது அவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். அவர் காதில் இந்த அமெரிக்கர்கள் அந்த வரிசையில்தான் போய் நின்றார்கள், கீழே இறங்கி இடம் கண்டுபிடித்தவர்களாக.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். மொத்தம் 13. முதல் பாட்டு ‘டானா’ ஒரு நிமிடம்கூட இல்லை, சாக்ஸபோன் மெதுவாகக் கண் விழிக்கும், அவ்வளவுதான். அது முடிந்த கையோடு ‘ப்யூனா’வின் பேஸ் நுழையும்போது இந்தத் தரை அதிரும், கவனியுங்கள். ‘தர்ஸ்டே’ என்ற பாட்டு எனக்கு உயிர். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு பெண்ணைச் சந்திக்கிற ஒருவனின் கதை. விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது, அவள் புருஷனுக்குப் பயந்து அவன் ஊரை விட்டே போக வேண்டியதாகிறது. டீக்கடை பெஞ்சில் ஒருவன் அடுத்தவனிடம் சொல்கிற அதே வேகத்தில் சொல்லி முடித்துவிடுகிறார், ஒரு இடத்திலும் தன்னைப் பாவம் என்று நினைக்கச் சொல்லவில்லை. இந்த ஆல்பம் வந்தபோது சாண்ட்மனுக்கு 40 வயது. இருபது வயதுக்காரர்களின் கோபம் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தப்பு செய்து, அதற்கு விலையும் கொடுத்துவிட்ட ஒருவரின் குரல் இது. வயது ஏற ஏற இந்த ஆல்பம் எனக்கு நெருக்கமாகிக்கொண்டே போகிறது, குறிப்பாகத் தலைப்புப் பாட்டு. வலிக்கு மருந்து ஒருநாள் கிடைக்கும் என்று பாடுகிறவர், அதுவரை கையில் இருப்பதை விடமாட்டேன் என்கிறார். அதில் வீரமும் இல்லை, அழுகையும் இல்லை.

‘இன் ஸ்பைட் ஆஃப் மீ’ மட்டும் தனி. அதில் டிரம்மே கிடையாது, மாண்டலின் ஒன்று மினுக்மினுக்கென்று கூட வரும். இதுவரை காலியாக இருந்த மேல்பக்கத்தில் முதல்முறையாக ஒரு விளக்கு ஏற்றியது போல இருக்கும். ‘மேரி வோன்ட் யூ கால் மை நேம்’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, மற்ற குழுக்களும் செய்யக்கூடிய பாட்டு அது. கடைசியில் ‘மைல்ஸ் டேவிஸ் ஃப்யூனரல்’. 1991இல் இறந்துபோன ஜாஸ் மேதைக்கு, வார்த்தையே இல்லாமல் ஒரு சின்ன அஞ்சலி.

இவ்வளவு நல்ல ஆல்பம், ஆனாலும் 90களின் ராக் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘க்ரீப்’ பாட்டை உலகமே பாடும். ரேடியோஹெட்டின் அந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் ஒருவரான பால் கோல்டரீ தான், அதே வருஷம் சாண்ட்மனோடு சேர்ந்து இதையும் தயாரித்தார். அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

1999 ஜூலை 3. இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் பாலஸ்த்ரீனா என்ற ஊரில் கச்சேரி. மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சாண்ட்மன் மாரடைப்பில் விழுந்தார். 46 வயது. குழு அத்தோடு முடிந்தது. காலியும் டுப்ரேயும் பிற்பாடு ‘வேப்பர்ஸ் ஆஃப் மார்ஃபின்’ என்ற பெயரில் வேறொரு பாடகரோடு அந்தப் பாட்டுகளை மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்கள். கான்வே 2021இல் போய்விட்டார்.

இதை மாமாவிடம் நான் ரொம்ப நாள் சொல்லவில்லை. ஒருமுறை அவரே கேட்டார், “அந்தப் பையன் இன்னும் வாசிக்கிறானா?” சொன்னேன். “மேடையிலயா?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சீவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வியாழக்கெழம பாட்டப் போடு” என்றார்.

அவர் இன்றைக்கு வந்திருக்கிறார், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, அந்த டியூப் லைட்டை மட்டும் அணைச்சிடுங்க, ஃபேன் ஓடட்டும். பெட்டி மேல் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறவர்கள் எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள், இரண்டாவது பாட்டில் விழுந்துவிடும்.