டிகிரி முடிச்சா சம்பளம் ஏறுமா? பந்தலூர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஒரு கணக்கு

[காட்சி: விடிகாலை, பனி, நீலகிரி மாவட்டம் பந்தலூர் பஸ் ஸ்டாண்ட். பை மாட்டிட்டு நிக்கற காலேஜ் பசங்க, பக்கத்துலயே தேயிலைக் கொழுந்து பறிக்கப் போற அம்மாங்க.]

வணக்கம்ங்க. இந்த ஒரு பஸ் ஸ்டாண்ட்ல ரெண்டு கூட்டம் நிக்குது பாருங்க, ஒண்ணு காலேஜுக்குப் போகுது, இன்னொண்ணு தோட்டத்துக்குப் போகுது, பாதி பேரு ஒரே வீட்டுக்காரங்க. அந்த அம்மாங்க முதுகு வலிக்க பறிக்கற கொழுந்துதான் இந்தப் பசங்களுக்கு காலேஜ் செலவு. இந்த செலவு திரும்பி வருமா, வந்தா எப்ப வரும், யாருக்கு வரும்னு தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

மொதல்ல என் கதைய ரெண்டு வரில சொல்லிடறேன். எங்க அம்மாயி சிலோன்ல இருந்து வந்தவங்க. 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்கல்ல, 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும்னு, அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல அரசு தேயிலைத் தோட்டமே ஆரம்பிச்சாங்க, இப்ப டேன் டீன்னு சொல்றோமே அதுதான். அம்மாயி கைநாட்டு, அம்மா எட்டாவது, நான் பி.காம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் டிகிரி முடிச்சு வந்து ஒன்றரை வருஷம் வீட்ல சும்மா இருந்தேன், அந்த ஒன்றரை வருஷமும் எட்டாவது படிச்ச அம்மா சம்பளத்துலதான் பி.காம் சாப்பிட்டுச்சு. இத மனசுல வச்சுக்கங்க, கடைசில இதுக்குத்தான் திரும்பி வரப் போறோம்.

[காட்சி: ரெண்டு பலகை பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு அமெரிக்கா, ஒண்ணு இந்தியா.]

அமெரிக்கால 2023 கணக்கு ஒண்ணு இருக்கு, அவங்க தொழிலாளர் துறையே போடறது. ஸ்கூலோட நிறுத்தினவங்க வாரத்துக்கு நடுத்தரமா 899 டாலர் சம்பாதிக்கறாங்க, காலேஜ் டிகிரி இருந்தா 1,493 டாலர். வேலை இல்லாதவங்க எண்ணிக்கையும் டிகிரிக்காரங்க பக்கம்தான் கம்மி. அதாவது படிச்சா சம்பளமும் ஜாஸ்தி, வேலையும் சீக்கிரம். நம்ம வாத்தியாருங்க சொன்னது அப்படியே நடக்குது.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 2024ல பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கூட சேந்து ஒரு அறிக்கை வந்துச்சு, இந்திய இளைஞருங்கள பத்தி. 2022ல, எழுதப் படிக்கத் தெரியாத இளவட்டத்துல வேலையில்லாதவங்க 3.4 சதவீதம், டிகிரி முடிச்சவங்கள்ல 29.1 சதவீதம். தலைகீழா இருக்கு! அப்ப படிச்சது தப்பா, பேசாம தோட்டத்துக்கே போயிருக்கலாமான்னு எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க உடனே கேப்பாங்க.

அவசரப்படாதீங்க சித்தப்பா. வேலையில்லாதவன்னு கணக்குல வரணும்னா வேலை இல்லாம இருக்கணும், வேலை தேடவும் செய்யணும். இங்க தோட்டத் தொழிலாளர் லைன் வீட்ல இருக்கற, படிக்காத ஒரு பையன் ரெண்டு வாரம் சும்மா இருந்தா அடுப்பு எரியாது, அதனால கிடைச்ச வேலைக்கு அன்னைக்கே போயிடறான், மண்ணு தூக்கறானோ கேரட் மூட்டை ஏத்தறானோ, கணக்குல அவனுக்கு வேலை இருக்கு. டிகிரி முடிச்ச பையன் காத்திருக்கான், அவனுக்கு சோறு போட வீட்ல ஒரு ஆள் இருக்கறதால காத்திருக்கான். வேலையில்லாம இருக்கறதுக்கே ஒரு வசதி வேணும்ங்க, கொஞ்சம் கசப்பா இருக்கும் ஆனா அதுதான் நிஜம்.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவும் இருக்கு. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023ல போட்ட அறிக்கைல, 25 வயசுக்குள்ள இருக்கற பட்டதாரிங்கள்ல 42 சதவீதத்துக்கு மேல வேலை இல்ல, அதுவே 35 வயசு தாண்டினா 5 சதவீதத்துக்கும் கீழ வந்துடுது. மெல்ல மெல்ல எல்லாரும் எங்கயோ ஒட்டிக்கறாங்க. படிச்ச படிப்புக்கு ஏத்த வேலையான்னு கேட்டா, அது வேற வீடியோ.

[காட்சி: குன்னூர் தேயிலை ருசி பாக்கற மேஜை, வரிசையா கிண்ணம்.]

சரி, டிகிரி இருந்தா எதுக்கு சம்பளம் கூடக் குடுக்கறாங்க? இதுல பொருளாதாரக்காரங்க ரெண்டு கட்சி. கேரி பெக்கர்னு ஒருத்தர், 1992ல நோபல் வாங்கினவரு, அவர் என்ன சொல்றார்னா படிப்பு உன் கைல இருக்கற முதலீடு, படிச்சா நிஜமாவே வேலை நல்லா செய்வ, அதனால காசு கூட வருது. இன்னொருத்தர் மைக்கேல் ஸ்பென்ஸ், 1973ல எழுதினாரு, 2001ல நோபல். அவரு சொல்றது, படிப்பு உன்ன மாத்தவே இல்லன்னாலும் காசு வரும்டா, ஏன்னா முதலாளிக்கு நீ யாருன்னு தெரியாது, மூணு வருஷம் ஒரு இடத்துல உக்காந்து பரீட்சை எழுதி பாஸ் ஆயிருக்கியே, அது ஒரு அடையாளம்.

நம்ம ஊர் ஆளுக்கு இது டக்குனு புரியும். குன்னூர் தேயிலை ஏலத்துல மூட்டை மேல கார்டன் மார்க், அதாவது எந்தத் தோட்டத்துத் தூள்னு காட்டற பேரு, இருக்கும்ல? நல்ல மார்க்னா விலை ஏறும். அந்த விலை உள்ள இருக்கற தூளுக்கா, மேல இருக்கற பேருக்கா? ரெண்டுக்கும்தான். ஆனா ஒரு வித்தியாசம், ஏலத்துல சாம்பிள் எடுத்து வாயில ஊத்தி உறிஞ்சி துப்பி ருசி பாக்க ஆள் இருக்கு, நம்ம பயோடேட்டாவ அப்படி யாரும் ருசி பாக்கறதில்ல, மார்க்க மட்டும் பாத்துட்டு ஓரமா வச்சுடறாங்க. பேரு தெரியாத காலேஜ்ல படிச்ச பந்தலூர் புள்ள எவ்ளோ நல்ல தூளா இருந்தாலும் கிண்ணம் வரைக்கும் போறதே இல்ல.

இந்த மார்க் சமாச்சாரம் எங்க போய் முடியுதுன்னா, குரூப் 4 பரீட்சைல. 2024ல நடந்த பரீட்சைக்கு முதல்ல அறிவிச்சது 6,244 இடம், விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல. வி.ஏ.ஓ வேலைக்குக் கேக்கற தகுதி பத்தாவதுதான். ஆனா எழுத வர்றது இன்ஜினியரிங், எம்.எஸ்சி. பத்தாவது மட்டும் முடிச்ச எருமாடு பக்கத்துப் பையன் அவங்க கூடத்தான் ஓடணும். எல்லாரும் டிகிரி வாங்க வாங்க, டிகிரி இல்லாதவன் நின்ன இடத்துலயே பின்னாடி போறான், அவன் ஒண்ணும் தப்பு பண்ணல.

[காட்சி: கரும்பலகை, சாக்பீஸ் கணக்கு.]

இப்ப சாக்பீஸ எடுப்போம். இது நான் போடற உதாரணக் கணக்கு, உங்க வீட்டு நம்பர போட்டு நீங்களே மாத்திக்கங்க. பிளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணு, நாள் சம்பளம் 400 ரூபா, மாசம் 25 நாள்னா 10,000. காலேஜ் போற மூணு வருஷமும் இது வராது, 36 மாசத்துக்கு 3,60,000 போச்சு. கோயமுத்தூர்ல ஹாஸ்டல், சாப்பாடு மாசம் 5,000, வருஷத்துக்கு பத்து மாசம், அது 1,50,000. ஃபீஸே இல்லன்னாலும் மொத்தம் 5,10,000. மக்கள் ஃபீஸ மட்டும்தான் செலவுன்னு நெனைக்கறாங்க, ஆனா பெரிய செலவு அந்த வராத 3,60,000 தான், அது யார் கண்ணுக்கும் தெரியாது, வீட்ல அரிசி டப்பாவுக்கு மட்டும் தெரியும்.

படிச்சு முடிச்சு 15,000 சம்பளத்துல வேலை கிடைக்குதுன்னு வைங்க. 5,000 கூட. ஆனா வேலை கோயமுத்தூர்ல, ரூம் மெஸ் எல்லாம் சேத்து 6,000 போயிடும். அதாவது முதல் வருஷத்துல தோட்டத்துக்குப் போன அவ ஃப்ரெண்ட் கைலதான் காசு ஜாஸ்தி நிக்கும்! நம்ம ஊர்ல பாதிப் பேரு இங்கயே கணக்க மூடிட்டு "படிச்சு என்னத்த கிழிச்ச"ன்னு கேட்டுடறாங்க.

ஆனா கொழுந்து பறிக்கறதுல 22 வயசுல இருக்கறவங்களுக்கும் 50 வயசுல இருக்கறவங்களுக்கும் ஒரே நாள் சம்பளம், கை வேகம் குறைஞ்சா கிலோ கணக்குல வர்ற கூடுதல் காசும் குறையும். டிகிரி வேலைல சம்பளம் மெதுவா ஏறும், அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான் ரெண்டு கோடும் நல்லா விலகும். உலகம் பூரா பல நாட்டுக் கணக்க சேத்துப் பாத்தவங்க, ஒரு வருஷம் கூடப் படிச்சா சராசரியா 9 சதவீதம் வருமானம் கூடுதுன்னு சொல்றாங்க. டிகிரி பலன் தருது, சந்தேகமே இல்ல. ஆனா அது லேட்டா தருது. அஞ்சு வருஷம் பொறுக்க முடிஞ்ச வீட்டுக்கு முழுசா தருது, பொறுக்க முடியாத வீட்டுப் புள்ள முதல் வருஷத்துலயே கிடைச்ச வேலைல, ஏதோ பில் போடற வேலைலயோ ரிசார்ட்லயோ போய் மாட்டிக்கறா. ரெண்டு பேர் கைலயும் ஒரே சர்டிபிகேட்தான் இருக்கு.

[காட்சி: நீலகிரி மேப். பந்தலூர், கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம், கோயமுத்தூர்.]

இன்னொரு விஷயம் தூரம். டேவிட் கார்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2021ல நோபல் வாங்கினவரு. அமெரிக்கால 1966ல எடுக்க ஆரம்பிச்ச இளைஞருங்க சர்வேய வச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, வீட்டுப் பக்கத்துல காலேஜ் இருந்த பசங்க என்ன ஆனாங்க, இல்லாத ஊர்ப் பசங்க என்ன ஆனாங்க? பக்கத்துல இருந்தவங்க கூடப் படிச்சாங்க, கூட சம்பாதிச்சாங்க. அது கூட பெரிசில்ல, அதிகமா படிக்காத அப்பா அம்மாவோட பசங்களுக்குத்தான் அந்தப் பக்கத்துக் காலேஜ் ரொம்ப உதவியிருக்கு. வசதியான வீட்டுப் பையன் காலேஜ் எங்க இருந்தாலும் போயிடுவான்ல.

இத அப்படியே நம்ம மேப் மேல வைங்க. ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955ல இருந்து இருக்கு, வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் துரை கட்டின கல் பங்களால. கட்டடம் அழகுங்க, அத விடுங்க. பந்தலூர் பொண்ணுக்கு அது கூடலூர் வந்து, அங்க இருந்து இன்னும் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் மலை ஏறணும், மழைல மண் சரிஞ்சா அன்னைக்கு காலேஜ் இல்ல, சாயங்காலம் லேட் ஆனா ரோட்ல யானை. கூடலூர்லயே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்தப்புறம்தான் எங்க பக்கத்துப் பொண்ணுங்க நிறைய பேரு டிகிரி பேரையே எடுத்தாங்க, "பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல்ல எல்லாம் விட முடியாது"ன்னு சொன்ன அப்பனுங்க கூட பஸ் ஏத்தி விட்டாங்க. மலைப் பகுதில பெண்களுக்கு இலவச பஸ் வந்ததே 2024லதான், கீழ இருக்கறவங்களுக்கு 2021லயே கிடைச்சது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், தினமும் பஸ்ஸுக்கு எடுத்து வச்சுப் பாருங்க தெரியும்.

தமிழ்நாட்டுல உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம், இந்தியா பூரா 28.4, இது 2021-22 கணக்கு. மார்தட்டிக்கலாம், நானும் தட்டிக்கறேன். ஆனா அதே கணக்குல இந்திய அளவுல பழங்குடியினருக்கு 21.2தான். எங்க பக்கம் பணியர், காட்டுநாயக்கர்னு பழங்குடி மக்கள் இருக்கற பாடிகள்ல, அதாவது அவங்க குடியிருப்புகள்ல, போய்ப் பாருங்க, அங்க பிரச்சனை காலேஜே இல்ல, புள்ளைங்க பத்தாவதுக்கு முன்னாடியே நின்னுடறாங்க. காலேஜுக்கு அரசு எவ்ளோ கொட்டிக் குடுத்தாலும் அந்த வாசல் வரைக்கும் வந்தவனுக்குத்தான் அது போகும், வராதவன் அங்கயே நிக்கறான், இடைவெளி இன்னும் ஜாஸ்தி ஆகுது.

[காட்சி: இ-சேவை மையம், வரிசை.]

இருக்கற உதவிய வேகமா சொல்லிடறேன், விட்டுடாதீங்க. 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், மாசம் 1,000, 2022ல வந்தது, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் வழில படிச்சவங்களுக்கும் வந்துச்சு. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024. இன்ஜினியரிங் மாதிரி படிப்புல அரசுப் பள்ளிக்காரங்களுக்கு 7.5 சதவீத இடம், அதுல சேந்தா ஃபீஸ், ஹாஸ்டல் அரசே கட்டுது. அப்புறம் முதல் பட்டதாரி சலுகை, வீட்ல முதல் ஆளா டிகிரிக்குப் போறவங்களுக்கு இன்ஜினியரிங் மாதிரி படிப்புல ஃபீஸ் சலுகை.

இந்தக் கடைசி சலுகைல எங்க வீடே மாட்டுச்சுங்க. நான் படிச்சது பி.காம், அந்த சலுகைல ஒரு ரூபா கூட எடுக்கல. தம்பிக்கு இன்ஜினியரிங் கிடைச்சப்ப சர்டிபிகேட் கேட்டுப் போனா, வீட்ல ஏற்கனவே ஒரு பட்டதாரி இருக்காரே, நீ முதல் பட்டதாரி இல்லையேப்பான்னுட்டாங்க. விதி அப்படித்தான், அவங்கள குத்தம் சொல்ல முடியாது. அவன் படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால 7.5லயும் வரல. என் பி.காம் தம்பிக்கு செலவு வச்சிருச்சு.

இப்ப அவன் ரெண்டாவது வருஷம், ரெண்டு அரியர். அம்மா இப்பவே கேக்குது, "இவனும் முடிச்சுட்டு உன்ன மாதிரி சும்மா உக்காருவானா?"ன்னு. ஒன்றரை வருஷம்னு எழுதி வச்சுக்கம்மா, கிடைச்ச வேலைக்கு அவன தொரத்தாதன்னு சொல்லிருக்கேன். நான் காத்திருந்தப்ப அம்மா சம்பளம் மட்டும்தான் இருந்துச்சு, அவன் காத்திருக்கறப்ப கூட என் சம்பளமும் இருக்கும்ல.

[காட்சி: பஸ் கிளம்புது. பின் கண்ணாடில பனி.]