முன்னும் பின்னும் வருபவை நாடி

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பலர் வானொலி கேட்பதை மட்டுமே வேலையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டீர்கள் என்பதை நான் அறிவேன். அடுப்பில் குக்கர் இருக்கும். வாசலில் கீரைக்காரர் குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும். நான் சொல்லும் சொற்களில் சில அந்த ஓசையில் மூழ்கிப் போகும். ஆனாலும் பேச்சு உங்களுக்கு அறுபடுவதில்லை. மூழ்கிய சொல் எதுவாக இருக்கும் என்பதை, அதற்கு முன்னால் வந்தவற்றையும் பின்னால் வந்தவற்றையும் கொண்டு உங்கள் மனமே நிரப்பிக்கொள்கிறது. இன்று நான் பேச வந்திருப்பது அந்த நிரப்பலைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடத்தில் இதற்குக் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்று பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து, கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் இந்தக் கேள்வியில் தவறுவது பெரும்பாலும் சொல் தெரியாததால் அன்று. கோடு வந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவதால்தான். ‘குயவர் தம் மகளுக்கு அழகான ஒரு’ என்பது வரையில் படித்த பையன், குயவர் என்றால் பானைதானே என்று கோட்டின்மேல் பானையை ஏற்றிவிடுகிறான். கோட்டுக்கு அப்பால் ‘பின்னிவிட்டார்’ என்ற சொல் அவனுக்காகக் காத்திருக்கிறது. பானையை யாரும் பின்னுவதில்லை, சடையைத்தான் பின்னுவார்கள். தமிழ் வாக்கியம் தன் வினையைக் கடைசியில் வைத்திருக்கிறது. பூட்டு நடுவில் இருந்தாலும் சாவி பெரும்பாலும் கடைசியில்தான் கிடக்கிறது. ஆகவே முற்றுப்புள்ளி வரையில் படியுங்கள், அதன் பிறகு கோட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்பதை என் மாணவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறேன். இன்றும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நான் கண்டுபிடித்த உத்தி அன்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது எந்தப் பொருளைக் கொள்வது என்ற கேள்விக்குத் தொல்காப்பியர் தம் இலக்கண நூலில் கிளவியாக்கம் என்னும் பகுதியில் ஒரே நூற்பாவில் விடை சொல்லியிருக்கிறார்: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்’. வினை, இனம், சார்பு என்னும் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். உரையாசிரியர்கள் இவ்விடத்தில் எடுத்துக்காட்டும் சொல் ‘மா’ என்பது. மா என்றால் மரமும் ஆகும், விலங்கும் ஆகும், வண்டும் ஆகும். ‘மா பூத்தது’ என்றால் பூத்தது என்ற வினையே அது மரம் என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘மாவும் பலாவும் நிற்கின்றன’ என்றால், நிற்பது எல்லாவற்றுக்கும் பொதுவான வினையாக இருந்தாலும், பக்கத்தில் நிற்கும் பலா தன் இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடுகிறது. கவசம் பூண்டு போருக்குப் புறப்பட்டு நிற்கும் ஒருவன் ‘மா கொண்டு வா’ என்று ஏவினால், அவன் மாங்கன்றைக் கேட்கவில்லை, குதிரையைக் கேட்கிறான் என்பது அவன் நிற்கும் நிலையிலிருந்து, அதாவது சார்பிலிருந்து, விளங்குகிறது.

தஞ்சைப் பக்கத்து நேயர்கள் இங்கே ஒரு புன்னகை புரிந்திருப்பீர்கள். உங்கள் ஊரில் மா என்பது நிலத்தின் அளவு. 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். ‘மூன்று மா விற்றுவிட்டான்’ என்று அங்கே ஒரு பெரியவர் வருத்தத்தோடு சொன்னால், மாமரத்தை விற்றதாக எந்தக் குழந்தையும் எண்ணாது. இலங்கை நேயர்களுக்கோ மா என்றதும் இடியப்பத்துக்குக் குழைக்கும் மா நினைவுக்கு வந்திருக்கும். சொல் ஒன்றுதான். அதற்குப் பொருள் தருபவை அதைச் சுற்றி நிற்பவை.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுக்கு நானே வினாத்தாள் தயாரித்தேன். அதில் ஒரு கேள்வி: ‘அம்மா கடையிலிருந்து இரண்டு படி ______ வந்தாள்’. கீழே மூன்று சொற்களைக் கொடுத்திருந்தேன்: வாங்கி, இறங்கி, படித்து. படி என்பது அளக்கும் படியாகவும் ஏறும் படியாகவும் வரும், படி என்ற ஏவலாகவும் வரும் என்பதால், மூன்றுக்கும் மூன்று வலை விரித்துவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை. கடை என்ற சொல் இருக்கிறது, ஆகவே ‘வாங்கி’ என்பதுதான் விடை என்பது என் கணக்கு. வகுப்பில் எல்லாரும் அப்படியே எழுதியிருந்தார்கள், ஒரு மாணவனைத் தவிர. அவன் ‘இறங்கி’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

தாள்களைக் கொடுத்த அன்று அவன் மேசையருகே வந்து நின்றான். “ஐயா, இது ஏன் தப்பு?” என்று கேட்டான். கடையில் வாங்கத்தானே போவார்கள் என்றேன். அவன் சிறிதும் தயங்காமல், “எங்கள் தெருக் கடைக்கு இரண்டு கருங்கல் படி இருக்கிறது ஐயா. அம்மா தினமும் அதில் இறங்கித்தான் வருகிறார்” என்றான். நான் விடை சொல்லத் தொடங்குவதற்குள், “வாங்கினாள் என்றால் என்ன வாங்கினாள் என்று போட்டிருக்க வேண்டாமா? அரிசியா, உளுந்தா?” என்று அடுத்த கேள்வியையும் வைத்தான். கடைசியில் அவன் சொன்னதுதான் என்னை மிகவும் உறுத்தியது: “படியில் அளந்து வாங்கி நான் பார்த்ததே இல்லை ஐயா. கடையில் கிலோதான்.”

நான் வளர்ந்த வீட்டில் இரும்புப் பூண் போட்ட படி ஒன்று நெற்குதிருக்குப் பக்கத்தில் இருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பாட்டி ஆழாக்கால் அளந்து கொட்டிக் காட்டுவார். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மெட்ரிக் அளவைகள் வந்து, சில ஆண்டுகளில் கடைத்தராசுகள் கிலோவுக்கு மாறியதை என் தலைமுறை கண்ணால் பார்த்தது. அந்தப் பையன் பார்த்ததோ மாறி முடிந்த கடையை. எனக்குக் கடை என்ற சொல் அளக்கும் படியைக் காட்டியது. அவனுக்கு அதே சொல் வாசற்படியைக் காட்டியது. அன்று மாலை பள்ளி விட்டதும் அந்தக் கடை வழியாகவே நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டு படிகள்தாம். இரண்டாம் படியின் ஓரத்தில், தேங்காய் உடைத்து உடைத்து ஒரு குழி விழுந்திருந்தது. மறுநாள் அவனுக்கு மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

பிழை அவனுடையது அன்று, கேள்வியினுடையது. இதற்கும் தொல்காப்பியத்தில் இடம் இருக்கிறது. ‘மா வீழ்ந்தது’ என்றால் விழுவது மரத்துக்கும் உண்டு, விலங்குக்கும் உண்டு. வினை உதவாதபோது, இனமும் சார்பும் கைகொடுக்காதபோது, கேட்பவன் என்ன செய்வான்? அங்கே பொறுப்பு சொல்பவனுடையது: ‘குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி’. தான் எதைக் கருதுகிறானோ அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாமரம் வீழ்ந்தது என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அந்தக் கேள்வியில் ‘இரண்டு படி உளுந்து’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். பக்கத்தில் உளுந்து வந்து உட்கார்ந்தவுடன் இறங்குவதற்கு வழியில்லாமல் போயிற்று. வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சரியான விடையை எழுதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தவறான விடை ஒவ்வொன்றையும் அந்தக் கோட்டில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏதேனும் ஒன்று பொருளோடு ஒலித்துவிட்டால் கேள்வியைத் திருத்துங்கள். மாணவனைத் திருத்த வேண்டாம்.

இதுவரையில் தெரிந்த சொற்களைப் பற்றிப் பேசினேன். தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது? நம்மில் பலர் உடனே அகராதியைத் தேடுகிறோம். நான் அகராதிக்கு எதிரி அல்லன். என் மேசையில் ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன. ஆனால் அகராதிக்குப் போவதற்கு முன் வாக்கியத்திடம் கேளுங்கள். ‘பாட்டி திண்ணையில் உட்கார்ந்து கடகம் முடைந்தாள்’ என்று ஒரு கதையில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்துப் பிள்ளைக்குக் கடகம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் முடைந்தாள் என்பது தெரியும். தமிழில் குடத்தை வனைவார்கள், ஆடையை நெய்வார்கள், சுவரை எழுப்புவார்கள், கூடையைத்தான் முடைவார்கள். ஆகவே கடகம் என்பது கூடை போன்ற ஒன்று என்பது அகராதியைத் தொடாமலே கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த வரியில் பனையோலை என்று வந்துவிட்டால் எதனால் ஆனது என்பதும் தெரிந்துவிடும். மரபுச் சொற்களை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அவற்றின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ‘பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி’ என்று தொல்காப்பியத்தின் உரியியல் என்னும் பகுதி சொல்வதும் இதைத்தான். பழகாத சொல்லைப் பழகிய சொல்லின் தோளில் சாய்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

அகராதியைத் திறந்த பிறகும் வேலை முடிவதில்லை என்பதற்குக் ‘கடி’ என்ற ஓர் உரிச்சொல் போதும். காவல், கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை என்று தொடங்கி அதற்கு 13 பொருள்களை நன்னூல் அடுக்குகிறது. 13-இல் எது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. நகர் என்ற சொல் பின்னால் வந்தால் காவல் பொருந்தும், மலர் வந்தால் மணம் பொருந்தும். உரிச்சொற்களுக்குப் பொருள் காணும் வழியாக ‘முன்னும் பின்னும் வருபவை நாடி’ என்று தொல்காப்பியர் சொன்ன நான்கு சொற்களைத்தான் இந்த உரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். முன்னும் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பின்னும் என்றார். முற்றுப்புள்ளி வரையில் படியுங்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

நம் முன்னோர்க்கு இது தேர்வு அறைப் பயிற்சியாக இருக்கவில்லை. எழுத்தைப் படிப்பதற்கே இதுதான் வழியாக இருந்தது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணிப் பாருங்கள்: ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஓலையில் ஒரே கீறல்; பின்னால் ‘மூண்டது’ என்று வந்தால் எரி, ‘நிரம்பியது’ என்று வந்தால் ஏரி. ‘பால்’ என்பதும் ‘பரல்’ என்பதும் அப்படியே; முன்னால் ‘கறந்த’ என்று இருந்தால் பால், ‘சிலம்பின்’ என்று இருந்தால் பரல். கறையானுக்குத் தப்பிய ஏடுகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்தவர்கள் இந்தத் தேர்வை ஒரு வரிக்கு ஒருமுறை அன்று, ஒரு சொல்லுக்கு ஒருமுறை எழுதியவர்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். காளமேகப் புலவரின் சிலேடைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ‘ஆடிக் குடத்தடையும்’ என்ற தொடர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒருசேரப் பொருந்துமாறு, குறிப்புகளை வேண்டுமென்றே இருபக்கமும் திறந்து வைத்த வித்தை அவருடையது. லகர ளகர ழகரச் சொற்களைப் பற்றியும் சொல்ல இருந்தேன். அவை இன்னொரு நாளுக்கு இருக்கட்டும்.

கைபேசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாம் தட்டத் தட்ட அது அடுத்த சொல்லை நீட்டுகிறது அல்லவா? அது பார்ப்பது நாம் அதுவரையில் தட்டியதை மட்டும்தான். பின்னால் வரவிருக்கும் வினை நம் மனத்தில் இருக்கிறதே தவிர, அதன் கையில் இல்லை. சென்ற வாரம் என் மகளுக்கு ‘வீட்டு வாசலில் இரண்டு படி’ என்று தட்டினேன். ‘வாங்கி’ என்று நீட்டியது. நான் எழுத வந்தது, ‘பெயர்ந்து கிடக்கிறது, வரும்போது பார்த்து ஏறி வா’ என்பது. நன்றி, வணக்கம்.