பொயின்ட் டூ டூ துவக்கும் மாமாவின் வயல் வாடியும்

[காட்சி: வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல் வாடி. பொழுது சாய்கிறது. தூரத்தில் எங்கோ யானை வெடி ஒன்று கேட்கிறது.]

வணக்கம். நான் நிற்பது மட்டக்களப்பின் படுவான்கரையில், என் மாமாவின் வயல் வாடியில். பெரும்போக வேளாண்மை கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம் இது. வட்டை முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. காட்டுப்பன்றி இறங்குவதும் இந்தக் காலத்தில்தான். ஒரு குடும்பம் ஒரே இரவில் வந்துபோனால் விடியும்போது கால் ஏக்கர் உழுதது மாதிரிக் கிடக்கும்.

நான் எட்டு வருடம் அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வேலை செய்தேன். அங்கே முயலுக்காக என்னிடம் ஒரு பொயின்ட் டூ டூ ரைபிள், அதாவது 0.22 அங்குலக் குழல் கொண்ட சின்னத் துவக்கு, இருந்தது. நேற்று இரவு அதன் படத்தை என் போனில் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "என்ன மனே, இது பிள்ளையள் விளையாடுற துவக்கு மாதிரிக் கிடக்கு. இப்பிடி ஒண்டு இஞ்ச இருந்தா பன்றிக்குக் காணாதா?"

மாமாவுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். முதலில் தோட்டாவைப் பார்ப்போம்.

[காட்சி: வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்த தோட்டாவின் குறுக்குவெட்டுப் படம்.]

முழு நீளமே ஓர் அங்குலம். குறுக்களவு 5.6 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பெரிய ரைபிள் தோட்டாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு பொட்டுத் தெரியும். துவக்கின் ஊசி அங்கே குத்தும், தீ பற்றும். இந்தச் சின்னத் தோட்டாவில் அந்தப் பொட்டு இல்லை. தீ பற்றும் மருந்து அடியின் விளிம்புக்குள், மோதிரம் மாதிரிச் சுற்றி ஒளிந்திருக்கிறது. அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றுகிறது.

விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. சதுர அங்குலத்துக்கு 24,000 இறாத்தல் அழுத்தம்தான் இதன் எல்லை. மான் வேட்டைக்குப் பாவிக்கும் பெரிய தோட்டாக்கள் சில 60,000க்கு மேலே போகும். இந்தத் துவக்கு மலிவாக இருப்பதும், தோளில் உதைக்காததும், முயலோடு அதன் வேலை முடிந்துவிடுவதும் அந்த மெல்லிய விளிம்பால்தான்.

பாரிஸில் ஃப்ளோபேர் என்பவர் 1845இல் இந்த வகைத் தோட்டாவுக்குத் தொடக்கம் போட்டார். இன்று உலகம் முழுக்க ஓடுகிற லோங் ரைபிள் என்ற வடிவம் 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பனியிடமிருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. விளிம்பில் மருந்து சரியாகப் பரவாத தோட்டா எப்போதாவது ஒன்று வெடிக்காமல் போகும். உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலின் வாயை ஆபத்தில்லாத பக்கம் வைத்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். பிந்தி வெடித்தாலும் வெடிக்கும்.

சரி, துவக்கை நமக்கு ஏற்றமாதிரி மாற்றுவது எப்படி?

[காட்சி: வாடி மூலையில் சாத்தியிருக்கும் மூன்று மண்வெட்டிகள்.]

இந்த மூன்று மண்வெட்டியும் மூன்று பேருடையவை. பிடியின் நீளத்தைப் பாருங்கள், மூன்றும் மூன்று விதம். அவரவர் உயரத்துக்கு அவரவர் வெட்டிக்கொண்டது. மற்றவருடைய மண்வெட்டியால் ஒரு வரம்பு கட்டினால் இடுப்புப் போய்விடும். துவக்கும் அப்படித்தான். கடையில் இருப்பது யாரோ ஒரு சராசரி ஆளுக்குச் செய்தது. விசையிலிருந்து பின்கட்டை முடியும் வரை ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் இருக்கும். எனக்குக் கை குட்டை. கழுத்தை நீட்டிக்கொண்டே ஒரு வருடம் சுட்டேன், படுவதும் படாததுமாக. துவக்குத் திருத்துபவர் ஒருவர் பின்கட்டையில் ஓர் அங்குலம் குறைத்துத் தந்தார். கன்னம் படும் இடத்தில் ஒரு மெத்தை வைத்ததும் கண் தானாகவே ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தூரக்கண்ணாடிக்கு, நேரே வந்து நின்றது. நான் செலவழித்ததிலேயே பலன் தந்த செலவு அதுதான்.

அடுத்தது விசை. கடையிலிருந்து வரும்போது இழுக்க இரண்டரைக் கிலோ பலம் வேண்டியிருந்தது. துவக்கின் பாரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவ்வளவு இழுத்தால் துவக்கு அசையாமல் என்ன செய்யும்? அதையும் அவரிடமே கொடுத்து ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் கீழே வேண்டாம் என்று நானே சொன்னேன். யூலை மாதக் குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது, தொட்டதும் வெடிக்கிற விசை ஆளைக் கொல்லும். இது வீட்டில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை.

ஸ்கோப்பில் நான் காசை வீணாக்கினேன். பெரிய ரைபிளுக்கான ஒன்றை, பெரியதுதானே நல்லது என்று வாங்கிவிட்டேன். அவற்றின் கண்ணாடிகளை 100 யார் தூரத்துக்கோ அதற்கு மேலோ சரிசெய்து வைத்திருப்பார்கள். முப்பது மீற்றரில் முயலைப் பார்த்தால், கண் துளி அசைந்தாலே சிலுவைக்கோடும் முயலின் மேல் நகர்ந்து விளையாடும். ரிம்ஃபயருக்கென்று வரும் ஸ்கோப்புகளை 50 யாருக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். விலையும் குறைவு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை நான் கடைசியாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு துவக்குக்கும் பிடித்த தோட்டா வேறு. ஒரே கம்பனி, ஒரே மாதிரி, அடுத்தடுத்துச் செய்த இரண்டு துவக்குகள்கூட ஒத்துப்போகாது. ஐந்தாறு வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீற்றரில் தாளில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாவின் மேல் மெழுகு பூசியிருக்கும், அது குழலுக்குள் படியும். வகை மாற்றியதும் முதல் சில வெடி அலையும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. என் துவக்கு விலைகூடிய தோட்டாவை எல்லாம் சிதறடித்துவிட்டு, மலிவான மெதுவான வகை ஒன்றை ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்துக்குள் போட்டது.

மெதுவான வகை என்றால் செக்கனுக்கு 320 மீற்றர் அளவில், ஒலியின் வேகத்துக்குக் கீழே. சவுக்கடி மாதிரியான அந்தச் சத்தம் வராது. இன்னொரு நன்மையும் உண்டு. பக்கக் காற்று அடித்தால் வேகமான தோட்டாதான் கூடுதலாக விலகும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும்போது அது தன் வேகத்தைச் சட்டென்று இழக்கிறது, அந்த இழப்பில்தான் காற்று அதைத் தள்ளுகிறது. கச்சான் காற்றுக்குள் சைக்கிள் மிதித்து வளர்ந்த எனக்கே இதை நம்பச் சில நாள் பிடித்தது.

50 மீற்றருக்குக் குறி சரிபார்த்த துவக்கு, 100 மீற்றரில் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே போடும். கணக்குத் தெரிந்தால் சரிக்கட்டலாம் என்று நானும் நினைத்தேன். ஒரு மாலை எண்பது மீற்றரில் இருந்த முயலுக்கு வெடி வைத்தேன். பின்னங்காலில் பட்டது. அது இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. இருட்டும்வரை வளை வாயில் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. அந்த நாட்டில் 1859இல் ஒருவர் பொழுதுபோக்குக்கு விட்ட முயல்கள்தான் கோடிக்கணக்காகப் பெருகி மேய்ச்சலை அழிக்கின்றன. சுடுவது தேவைதான். ஆனால் அரைகுறையாகச் சுடுவதற்கு அது நியாயம் ஆகாது. அன்றிலிருந்து ஐம்பது மீற்றருக்கு அப்பால் நான் சுட்டதில்லை.

[காட்சி: வரம்புச் சேற்றில் பன்றிக் கால்தடம். பக்கத்தில் மாமாவின் கை.]

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். இந்தத் தடத்தைப் பாருங்கள். பன்றியின் தோளில் தடித்த தோல், அதற்குக் கீழே கொழுப்பு, எலும்பு. இரண்டரைக் கிராம் ஈயம் இதை விழுத்தாது, காயப்படுத்தும். காயம்பட்ட ஆண் பன்றி நாளை காலை எங்கே படுத்திருக்கும், யார் மேல் பாயும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வரம்பு இது.

சட்டமும் வேறு. அங்கே எனக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்கக் காரணம் காட்ட வேண்டியிருந்தது, தற்காப்பு என்பது காரணமாகாது. துவக்கைப் பூட்டிய பெட்டியிலும் தோட்டாவை வேறாகப் பூட்டியும் வைக்க வேண்டும். சத்தம் குறைக்கும் குழாய் தடை. இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு அனுமதியோடு கொடுப்பது சொட்கன், அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அனுமதி இல்லாத துவக்கு, வேலியோரம் கட்டுகிற, கம்பியில் தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கு, இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கட்டுத்துவக்கில் கால் போன ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாமா இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப வானத்துக்குப் பாத்து ஒண்டு, பயப்படுத்த?" என்றார்.

இந்தச் சின்னத் தோட்டா இரண்டு கிலோமீற்றர் வரை போகும். தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். அங்கே நான் எப்போதும் மேட்டுச் சரிவைப் பார்த்துத்தான் சுடுவேன், தவறினால் மண் வாங்கிக்கொள்ளும். இங்கே மேடு எங்கே? தட்டையான வயல், அதில் தண்ணீர். வாய்க்கால் ஓரம் கிடந்த ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்து, சாய்வாக வயலுக்குள் எறிந்து காட்டினேன். தத்தித் தத்தி மறுவரம்பு வரை போனது. ஈயமும் தண்ணீரில் இப்படித்தான் தத்தும்.

[காட்சி: இருட்டு. வட்டையின் மறுகரையில் வாடி வாடியாக விளக்குகள்.]

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுத்துண்டு போன திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுகரை விளக்குகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். "அது வட்டவிதானையாரின்ர வாடி. அதுக்கு அங்கால சின்னத்தம்பி. அந்தக் கடைசி வெளிச்சம் உன்ர மச்சான்." தகரத்தையும் தடியையும் எடுத்துக்கொண்டு பரணில் ஏறிவிட்டார்.