கொன்றை என்ற பெயரில் வந்த மரம்

(ஊரணிக்கரைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, கேட்டவுடன் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் அறங்காவலர் பெருமக்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, காரைக்குடியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, மாணவர்களை வரிசை குலையாமல் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். அவைத்தலைவர் என் அப்பச்சியோடு, அதாவது என் தந்தையோடு, ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர். அவர் தலைமையில் பேசக் கிடைத்ததை என் பேறாகக் கருதுகிறேன். 1939-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் கம்பன் திருநாளைத் தொடங்கிய சீமை இது. நல்ல பேச்சைக் கேட்டுப் பழகிய செவிகளின் முன் நிற்கிறோம் என்ற அச்சம் எனக்கு உண்டு. தண்ணீர்ப்பந்தல் பொறுப்பை ஏற்ற இளைஞர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்துத் தந்த தம்பிக்கும் நன்றி சொல்லாமல் தொடங்கினால் அது முறையாகாது.

மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். முதலாவது, கொன்றை என்று சொல்லி விற்கப்படும் ஓர் அயல் மரத்தை அடையாளம் காண்பது எப்படி என்பது. இரண்டாவது, அது பரவும் விதம். மூன்றாவது, நாற்றுப்பண்ணைகளில் கன்று விற்பதற்கு இருக்க வேண்டிய ஒழுங்கு. மூன்றுக்கும் பொதுவாக நம் பாட்டிமார் சொன்ன ஒரு பழமொழி உண்டு: ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம்.

மரத்தின் பெயர் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். மஞ்சள் கொன்றை என்று சிலர் சொல்கிறார்கள். விற்பவர்கள் வெறுமனே கொன்றை என்றே சொல்லிவிடுகிறார்கள். மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் அதன் தாயகம். 1813-இல் தாவரவியலார் அதற்கு காசியா ஸ்பெக்டாபிலிஸ் என்று பெயரிட்டார்கள். 1982-இல்தான் சென்னா என்ற பேரினத்திற்கு மாற்றினார்கள். ஸ்பெக்டாபிலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் காணத்தக்கது என்று பொருள். காணத்தக்கதுதான், நான் மறுக்கவில்லை. கிளை நுனி ஒவ்வொன்றிலும் பொன்னிறப் பூங்கொத்து நிமிர்ந்து நிற்கும். குடைபோல விரிந்து சில ஆண்டுகளிலேயே நிழல் தரும். அந்த அழகுக்காகவும் நிழலுக்காகவும்தான் உலகின் பல நாடுகளில் சாலையோரத்திலும் பூங்காக்களிலும் காபித் தோட்டங்களிலும் அதை நட்டார்கள்.

என் வீட்டிலும் நட்டார்கள். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தாத்தாவான ஐயாவின் அறுபதாம் கலியாணத்தின் நினைவாகப் பின்கட்டுக்கு வெளியே ஒரு கொன்றை வைக்க வேண்டும் என்று அப்பத்தா ஆசைப்பட்டார்கள். சிவபூசை எடுத்துக்கொண்ட வீடு. கொன்றைப் பூவுக்கு வேறோர் இடம் தேடிப் போகக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். வெளியூர் நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து கன்று வந்தது. மூன்றாம் ஆண்டே, ஐப்பசி மழைக்கு முன்னால், மரம் முழுவதும் மஞ்சளாகப் பூத்தது. அப்பத்தா வெள்ளிக் கூடையில் பூவைப் பறித்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். பூக்கட்டும் பண்டாரம் கூடையை வாங்கி, ஒரு கொத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், பிறகு மிக மெதுவாக, “ஆச்சி, கொன்றை சித்திரை வெயிலில் பூக்கும், சரமாகத் தொங்கும். இது மழைக்குப் பூத்திருக்கிறது, மேலே பார்த்து நிற்கிறது. இது நம் கொன்றை இல்லை ஆச்சி” என்றார். அப்பத்தா ஒன்றும் பேசாமல் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வீடு வந்து சேரும்வரை என் கையை அவர்கள் பிடித்திருந்த இறுக்கம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனாலும் நிழல் தரும் மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. சில ஆண்டுகளில் பின்கட்டிலிருந்து ஊரணிக்கு ஓடும் வரத்துக்கால் நெடுக அதே இலை, அதே கன்று. மழைநீர் விதையைச் சுமந்து சென்றிருக்கிறது. ஐயா காலமான பின் அப்பச்சி ஆள் வைத்து மரத்தை வெட்டினார்கள். தை பிறப்பதற்குள் அந்த அடிக்கட்டையிலிருந்து பதினான்கு துளிர்கள் கிளம்பின. நானே எண்ணினேன். வெட்டிய பெரியவர் வந்து பார்த்து, “ஒன்றை எடுத்தேன், பதினான்கைக் கொடுத்திருக்கிறதே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஒண்ட வந்த பிடாரி என்ற சொல் என் மனத்தில் ஊன்றியது அன்றுதான்.

பண்டாரம் சொன்ன அடையாளமே போதுமானது. மாணவர்களுக்காக இன்னும் சிறிது சேர்க்கிறேன். நம் கொன்றையான சரக்கொன்றையின் சிற்றிலைகள் அகன்று பெரியவை, ஓர் ஈர்க்கில் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு இணைகளே இருக்கும். இந்த மரத்தின் சிற்றிலைகள் ஒடுங்கிக் கூர்மையானவை, இணைகளும் அதைவிட மிகுதி. சரக்கொன்றைக் காய் தடி போல நீண்டு கறுத்துத் தொங்கும். அதன் விதை எளிதில் முளைக்காது, விலங்கோ மனிதனோ காயை உடைக்க வேண்டும். இந்த மரமோ பல பத்து விதைகளைக் கொண்ட மெல்லிய காய்களைக் கொத்துக்கொத்தாகக் காய்த்து, விழுந்த இடத்திலேயே முளைத்து நெருங்குகிறது.

அந்த நெருக்கம் என்ன செய்யும் என்பதை நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். நீலகிரியின் முதுமலையிலும், அதை ஒட்டிய கேரளத்து வயநாட்டிலும் இந்த மரம் காட்டுக்குள் புகுந்து, கீழே புல் முளைக்க இடமில்லாமல் செய்துவிட்டது. யானையும் மானும் விரும்பி உண்ணாத இலை அது. ஆதலால் தொலைவிலிருந்து பசுமையாகத் தெரியும் காட்டுக்குள் அவற்றுக்கு இரையில்லை. ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், சிம்பன்சிக் குரங்குகள் வாழும் மகாலே மலைக்காட்டிலும் இதே மரம் பரவியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் வெட்டப்படும் மரம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலைக்குக் கூழாக்கப் போகிறது. வெட்டுவது மட்டும் போதாது. வேர்க்கழுத்துவரை பட்டையை உரித்து, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்து, நின்றவாறே காயவிட வேண்டியிருக்கிறது. கன்றாக இருக்கும்போது மழையில் இளகிய மண்ணிலிருந்து கையாலேயே பிடுங்கிவிடலாம். பிடாரி கன்றாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அயலிலிருந்து வந்ததெல்லாம் தீது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். நம் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. கப்பலேறி வந்த கண்ணாடியும் பளிங்கும் நம் வளவுகளை அழகு செய்தன. ஆனால் தூணாக வந்த தேக்கு காய்ப்பதில்லை, வரத்துக்காலில் விதை உதிர்ப்பதில்லை. உயிரோடு வருவதற்கும் பொருளாக வருவதற்கும் உள்ள வேறுபாட்டை வணிகம் செய்த நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். கோயிலருகிலும் ஊரணிக்கரையிலும் அவர்கள் வளர்த்தவை மருதும் இலுப்பையும் நாவலும் ஆலும். பிள்ளையார்பட்டிக்கு மருதங்குடி என்று பழம்பெயர். அங்கே தலமரமும் மருதுதான். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று நிற்கும் ஊருக்கே இலுப்பைக்குடி என்று பெயர். அந்தப் பெயருக்கு நாம் இன்று எத்தனை இலுப்பை மரங்களைக் காட்ட முடியும்?

இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் வேண்டுகோளுக்கு வருகிறேன். சீமைக் கருவேலம் நம் கண்மாய்களை எப்படிப் பிடித்தது என்பதைச் சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளில்லாத கரையைத்தான் அது பிடித்தது. வரத்துக்கால் தூர்ந்து, கரை வெறிச்சோடி, ஊரணி யாருடையது என்பதையே நாம் மறந்த பிறகுதான் ஒண்ட வந்த பிடாரிக்கு இடம் கிடைத்தது. ஆகவே மரத்தைப் பிடுங்குவதோடு நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு மற்றொன்று வரும். வரத்துக்காலை வெட்டி நீரோட்டத்தை மீட்டு, கரையில் இலுப்பையை மீண்டும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இலுப்பை விரைந்து வளராது. பூக்கவே பத்தாண்டு ஆகலாம். அதன் விதையைச் சேமித்து வைக்கவும் முடியாது, ஆனி ஆடியில் பழுத்து விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணில் ஊன்றிவிட வேண்டும். வௌவால் தின்று போட்ட கொட்டையைப் பொறுக்கி எண்ணெயாட்டிக் கோயில் விளக்குக்குக் கொடுத்த ஊர் இது; அந்தப் புண்ணாக்கைத் தேய்த்துத் தலைகுளித்த ஆச்சிமார்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

நாற்றுப்பண்ணை ஒழுங்கைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இடங்கொடுக்கவில்லை; வனத்துறை அலுவலர் எனக்குப் பின் பேச இருக்கிறார், அவரிடம் அதை ஒப்படைக்கிறேன்.

கோயில் நந்தவனத்தில் மீதமிருக்கும் ஒரே இலுப்பையின் அடியில் சென்ற மாதம் பொறுக்கிய விதைகளை எங்கள் வீட்டு வளவில் நாற்பது பைகளில் ஊன்றியிருக்கிறேன்; முப்பத்தொன்று முளைத்திருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊரணியின் வடகரையிலிருந்து வரத்துக்கால் வழியே நடந்து, அந்த மஞ்சள் மரத்தின் கன்றுகளைப் பிடுங்கத் தொடங்குவோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். இலுப்பைக் கன்றைப் பங்குனி, சித்திரை வெயில் தாண்டும்வரை தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற இசைகின்ற குடும்பங்கள், மண்டப வாசலில் அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் இப்போதே பெயரைப் பதிவு செய்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.